ஊர் தெரியாத கல்

என் எழுது மேஜையின்மேல் ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. நன்றாக வளர்ந்த ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல உள்ளே உள்ளே சுருண்டு, நடுவில் ஒரு புள்ளியில் போய் முடியும். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் எழுதிய கதைத் தாள்களெல்லாம் மின்விசிறிக் காற்றில் பறந்து போகாமல் காத்தது அந்தக் கல்தான். அது காக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கும் வாசகர்களும் இருக்கக்கூடும். அது வேறு விஷயம்.

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கையின் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பதினொரு வயது. அந்த வயதில் நாங்களெல்லாம் புளியங்கொட்டை சேர்த்தோம். அவள் கல் சேர்க்கிறாள். வாசலில் கொட்டியிருந்த ஜல்லியிலிருந்து ஏழெட்டுக் கற்களைப் பொறுக்கி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தாள். ஒரு நாள் என் மேஜைக் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது எந்த ஊர்க் கல்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் தெரியாத கேள்விகள் எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர் என் தகப்பனார்.

அவர் அந்தக் காலத்துத் திருச்சி ஜில்லாவில் ரோடு ஓவர்சியராக இருந்தார். இப்போது பெரம்பலூர், அரியலூர் என்று தனித்தனி மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பிரதேசமெல்லாம் அவர் சைக்கிளில் சுற்றிய பூமி. சாலையோரம் குவித்து வைத்த கப்பிக் கல்லை அளப்பது அவருடைய உத்தியோகத்தில் ஒரு பங்கு. நான் எட்டு வயதுப் பையனாக இருந்தபோது, ஒரு நாள் சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து இந்தக் கல்லை எடுத்துத் திண்ணையில் வைத்தார். பாட்டி ஓடி வந்தாள். "அடடா, சாளக்கிராமம் அல்லவா!" என்று கண்களில் ஒற்றிக்கொண்டு, பூஜை அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அன்று முதல் அதற்குத் தினமும் பாலும் நீரும் அபிஷேகம் நடந்தது. அப்பா சிரித்தாரே தவிர, மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டி காலமான பிறகு கல் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கதை எழுதத் தொடங்கியிருந்த சமயம். ஒரு நாள் அப்பா என் அறை வாசலில் நின்று, கல்லைக் காட்டி, "இது எங்கே கிடைத்தது தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார். நான் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பத் தபாலாபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தபால் கட்டும் நேரம். "அப்புறம் சொல்லுங்கள், அப்பா" என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். அந்த அப்புறம் வரவேயில்லை. அந்தக் கதையும் திரும்பி வந்துவிட்டது.

சிறுமியிடம் இதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்தது. "வா, தெரிந்தவர்களைக் கேட்போம்" என்று சொல்லி, திருச்சியில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். அவர் கல்லைப் பார்ப்பதற்கு முன் சிறுமியைப் பார்த்தார். "பாறை என்றால் என்ன, கனிமம் என்றால் என்ன, சொல்லு பார்க்கலாம்" என்றார். அவள் விழித்தாள். நானும்தான். நல்ல வேளையாக என்னை அவர் கேட்கவில்லை.

"லட்டு தெரியுமா?" என்றார் சிநேகிதர். "லட்டுக்குள் பூந்தி, முந்திரி, திராட்சை, கற்கண்டு எல்லாம் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு கனிமம். எல்லாம் சேர்ந்து பிடித்த லட்டு, பாறை. சமையலறை உப்பு ஒரு கனிமம். அம்மிக்கல் ஒரு பாறை. அதில் பளிங்கு மாதிரிப் பளபளப்பதும், வெளுத்துத் தெரிவதும், கறுத்துத் தெரிவதும் வெவ்வேறு கனிமங்கள்."

"அப்படியானால் பாஸில் என்பது லட்டுக்குள் மாட்டிக்கொண்ட எறும்பா?" என்றாள் சிறுமி.

சிநேகிதர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நாற்பது வருஷம் பாடம் சொன்னேன், ஒரு பையன் இப்படிச் சொன்னதில்லை! எறும்பேதான். லட்டு பிடித்த அன்றைக்கு மாட்டிய எறும்பு. எறும்பின் ஜாதியைப் பார்த்தே லட்டு என்றைக்குப் பிடித்தது என்று சொல்லிவிடலாம்."

இந்த எறும்பு ரகசியத்தை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஸ்மித் என்ற ஆங்கிலேயர். கருமானின் பிள்ளை. கால்வாய் வெட்டும் வேலைக்கு நிலம் அளப்பவர். ஏறக்குறைய என் தகப்பனாரைப் போன்ற உத்தியோகம். கால்வாய்க்காக மண்ணை வெட்ட வெட்ட, ஒவ்வொரு படுகையிலும் ஒரு தனிவகைக் கிளிஞ்சல் இருப்பதையும், எந்த ஊரில் வெட்டினாலும் அந்த வரிசை மாறாமல் வருவதையும் கவனித்தார். அதைக் கொண்டு 1815-ல் இங்கிலாந்தின் அடிநிலத்துக்கே வர்ணம் தீட்டிய ஒரு பெரிய படம் வெளியிட்டார். அதன் பலன், 1819-ல் கடனுக்காகச் சிறை சென்றார். பெரிய மனிதர்கள் அவரைக் கொண்டாட ஆரம்பித்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

சிநேகிதர் அன்று சிறுமிக்குச் சொன்ன பாடத்தை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் கல் சேர்க்கும் குழந்தை இருந்தால் வாசகர்களுக்கும் உதவும்.

பாறை மூன்று குலம். பூமிக்குள் உருகிக் கிடந்தது ஆறி இறுகினால் அக்கினிப் பாறை. மணலும் சேறும் சுண்ணாம்பும் நீருக்கடியில் படிந்து படிந்து இறுகினால் படிவுப் பாறை. இவை இரண்டில் எதுவானாலும் பூமிக்குள் புதைந்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து வேறாக மாறினால் உருமாறிய பாறை. பாஸில் வேண்டுமானால் படிவுப் பாறையில்தான் தேட வேண்டும். திருச்சி மலைக்கோட்டையில் ஏறித் தாயுமானவரைத் தரிசிக்கலாம். கிளிஞ்சல் தேடினால் கிடைக்காது.

கனிமத்தைக் கண்டுபிடிக்க முதல் வழி, கீறிப் பார்ப்பது. 1812-ல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் இதற்குப் பத்துப் படி வகுத்தார். முதல் படியில் இருப்பது நம் கல்சட்டி செய்யும் மாக்கல்லில் உள்ள கனிமம். நகம் பட்டாலே மாவாக உதிரும். இரண்டாவது ஜிப்ஸம், அதையும் நகத்தால் கீறலாம். மூன்றாவது சுண்ணாம்புக் கல்லில் உள்ள கால்ஸைட்; நகம் கீறாது, இரும்பு ஆணி கீறும். ஏழாவது வெள்ளைப் படிகக் கல்; அது கண்ணாடியையே கீறிவிடும். பத்தாவது வைரம். கல்லில் ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. நுரைத்தால் சுண்ணாம்பு கலந்தது.

"கல்லைப் பார்த்தே ஊரைச் சொல்ல முடியுமா?" என்றாள் சிறுமி. அவள் வந்த காரியத்தை அவள் மறக்கவில்லை.

"சில சமயம் முடியும்" என்று சிநேகிதர் ஒரு கதை சொன்னார். கல்கத்தா நகருக்கு வித்திட்டவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னக் 1693-ல் இறந்தார். அங்கே செயிண்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவருடைய சமாதியின்மேல் கருமையான ஒரு கல்லைப் பதித்திருந்தார்கள். வங்காளத்து வண்டல் மண்ணில் அப்படிப்பட்ட கல் ஏது? இருநூறு வருஷம் கழித்து, 1893-ல், பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து, அது சென்னைக்குப் பக்கத்திலிருந்து போனது என்று சொன்னார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கும் அதே பாறை. கல்லுக்குக் கீழே உறங்குகிறவரின் பெயரையே கல்லுக்கு வைத்து, சார்னகைட் என்றார். இன்று உலகத்தில் எந்த மூலையில் அந்த வகைப் பாறை அகப்பட்டாலும் அதே பெயர்தான். பரங்கிமலைக் கல்லுக்குக் கல்கத்தாச் சமாதியிலிருந்து பெயர் கிடைத்த விந்தையை என்னவென்பது!

இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் சிநேகிதர் என் கல்லைக் கையில் எடுத்தார். ஒரு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"அம்மோனைட். நத்தை மாதிரி இருக்கிறதே தவிர, நத்தை அல்ல. கணவாய் மீனுக்கு உறவு. உள்ளே அறை அறையாகத் தடுத்த கூடு கட்டிக்கொண்டு கடலில் மிதந்த பிராணி. எகிப்தியரின் அம்மோன் தேவனுக்கு ஆட்டுக்கடாக் கொம்பு உண்டு. அதனால் இந்தப் பெயர். உங்கள் பாட்டி சொன்னதிலும் தப்பில்லை. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் பலவும் இதே குலத்தைச் சேர்ந்தவைதான். இமயமலை எழும்புமுன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்தவை."

"ஊர்?"

"திருச்சி ஜில்லா என்கிறீர்கள். அரியலூர் வட்டாரமாக இருக்கலாம். ஆனால் அங்கே ஊட்டத்தூர்ப் படுகை ஒன்று, திருச்சிப் படுகை ஒன்று, அரியலூர்ப் படுகை ஒன்று. முதல் படுகைக்கும் கடைசிப் படுகைக்கும் நடுவே கோடிக்கணக்கான வருஷம். கல்லில் ஒட்டிய மண் கொஞ்சம் இருந்தால்கூட ஏதாவது சொல்லலாம். துளிகூட இல்லையே! யார் இப்படித் துடைத்தது? இது என்ன, மேலே பளபளவென்று?"

பாதியைத் துடைத்தது பாட்டியின் அபிஷேகம். பளபளப்பு என் கைங்கரியம். மேஜைக்கு அழகாக இருக்கட்டும் என்று, வரிகளுக்குள் இருந்த களிமண்ணை ஊசியால் நோண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ் அடித்தேன். எதிர்வீட்டுக்காரர்கூடப் பாராட்டினார்.

"விலாசத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடிதத்துக்கு மெருகு போட்டிருக்கிறீர்கள், ஸார்" என்றார் சிநேகிதர். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஒரு காரை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். பாடாலூர் தாண்டி, ஊட்டத்தூர் வழியாகக் காரை என்ற ஊரை நோக்கிப் போனோம்.

காரைக்கு அப்பால் கண்ட காட்சியை என்னால் மறக்க முடியாது. மேடும் பள்ளமுமாகச் செம்மண்ணும் மஞ்சளும் சாம்பலுமான களிமண் காடு. மழைநீர் அறுத்து அறுத்து ஆயிரம் வாய்க்கால் வகிர்ந்திருக்கிறது. வெயிலில் இங்கும் அங்கும் கண்ணாடித் துண்டுகளைப் போல ஏதோ மின்னிற்று. சிறுமி ஓடிப்போய் நகத்தால் கீறினாள். "ஜிப்ஸம்!" என்று கத்தினாள். இரண்டாம் படி. பாடம் வீண் போகவில்லை.

"நாம் நிற்கும் இடம் கடலடி" என்றார் சிநேகிதர். இந்தியா தென்துருவத்துப் பெருநிலத்திலிருந்து பிரிந்து விலகியபோது, ஏறத்தாழ 11 கோடி வருஷங்களுக்கு முன், கடல் இங்கே உள்ளே வந்தது. வருவதும் விலகுவதுமாகப் பல கோடி வருஷம் இருந்தது. நிலநூலார் அதைக் கிரீடேஷஸ் யுகம் என்கிறார்கள். 1953-ல் ஊர்ப்பெயருக்காகப் பெரிய போராட்டம் நடந்ததே, கல்லக்குடி, அங்கே சிமெண்டுக்காக வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக் கல்கூட அந்தக் கடலின் பவளத் திட்டுகள்தான். நம் வீட்டுச் சுவரில் கொஞ்சம் பவளக் கடல் இருக்கிறது என்று சொன்னால் அது கற்பனை அல்ல.

இந்தக் கடலை முதலில் கண்டுகொண்டவர்கள் யார்? கல்லாய்ச் சமைந்த உயிர்களை நம் ஜனங்கள் வெகுகாலமாகவே கண்டிருக்கிறார்கள். விழுப்புரத்துக்கு அருகே திருவக்கரையில் கல்மரங்கள் குவிந்து கிடக்கின்றன. அம்மன் வதம் செய்த அசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வதுண்டு. சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை நூலார் 1781-ல் அவற்றைப் பார்த்து எழுதி வைத்தார். அவை வேரும் கிளையும் இல்லாத வெறும் அடிமரங்கள். ஆகவே அங்கே வளர்ந்தவை அல்ல, எங்கிருந்தோ வெள்ளத்தில் வந்தவை என்று அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். வயது சுமார் 2 கோடி வருஷம்.

நம் கடலின் சரித்திரம் 1840-களில் தொடங்குகிறது. சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே என்பவரும், கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் கிளிஞ்சல் கற்களைச் சேகரித்தார்கள். வரி வசூலும் வழக்குத் தீர்ப்புமாக இருக்க வேண்டியவர்கள் ஓடைகளில் குனிந்து நடந்ததைப் பார்த்து, ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்களோ! ஆட்டுக்காரப் பையன் யாராவது, "துரை, அங்கே இதைவிடப் பெரிசு கிடக்கிறது" என்று காட்டியும் இருக்கலாம். சேகரித்ததையெல்லாம் லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து, 1846-ல் இவை கிரீடேஷஸ் யுகத்தவை என்று வெளியிட்டார். ஃபோர்ப்ஸ் இந்த ஊர்களில் ஒன்றையும் பார்த்தவரல்ல. இந்தக் கல் புதுச்சேரிப் பக்கம், இந்தக் கல் விருத்தாசலம், இது திருச்சி என்று பிரித்துக் குறித்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் குறிப்பு இல்லையானால் லண்டனுக்குப் போனது வெறும் கல்மூட்டைதான்.

1851-ல் இந்தியப் பூகர்ப்ப இலாகா ஏற்பட்டது. அதில் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற இளைஞர் 1850-களின் கடைசியில் இந்தப் பிரதேசம் முழுவதையும் அளந்தார். அவருடைய நூல் 1862-ல் வந்தது. அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சி, மேலே அரியலூர் என்று மூன்று படுகைகளாகப் பிரித்தவர் அவரே. நம் ஊட்டத்தூரின் பெயர் உலகத்துப் பூகர்ப்ப நூல்களில் ஏறியது அப்படித்தான். பிற்காலத்தில் அதே பிளான்ஃபோர்டு 1875-ல் ஏற்பட்ட இந்திய வானிலை இலாகாவுக்கு முதல் தலைவராகி, இமயத்துப் பனியைப் பார்த்து மழையைக் கணிக்க முயன்றார்.

பிளான்ஃபோர்டும் மற்றவர்களும் சேர்த்த கற்கள் பெட்டி பெட்டியாகக் கல்கத்தா போயின. அவற்றில் பெரும்பகுதியை ஆராயும் பொறுப்பு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்ற வாலிபருக்கு வந்தது. மொராவியா தேசத்தவர், 1838-ல் பிறந்தவர். பத்து வருஷ காலம் அம்மோனைட்டுகளையும் சங்குகளையும் சிப்பிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, படம் வரையச் செய்து, பெயரிட்டு, 1873-க்குள் தென்னிந்தியக் கிரீடேஷஸ் உயிர்களைப் பற்றிய நான்கு பெரிய தொகுதிகளை முடித்தார். முடித்த கையோடு யார்க்கண்டுக்குச் சென்ற ஒரு தூதுக்குழுவுடன் மத்திய ஆசியாவுக்குப் போனார். திரும்புகையில் காரகோரம் மலையைக் கடந்து, லடாக்கின் எல்லையில் 1874 ஜூன் 19-ந்தேதி இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 36. லே நகரில் அவருடைய சமாதி இருக்கிறது. அரியலூர்க் கிளிஞ்சலுக்குப் பெயர் வைத்தவர் பனிமலையில் உறங்குகிறார்.

காரையில் சிறுமி ஒரு பொருளைக் கண்டுபிடித்தாள். பென்சில் முனை போல் கூராக, தேன் நிறத்தில், ஒரு விரல்கடை நீளம். "பெலம்னைட், இதுவும் கணவாய்க்கு உறவுதான். உடம்புக்குள் இருந்த கூர்" என்றார் சிநேகிதர். அவள் அதைப் பையில் போட்டுக்கொள்ளப் போனாள். அவர் தடுத்தார்.

"பார், அள, வரை, படம் எடு. கல் இங்கேயே இருக்கட்டும். வருகிறவர்கள் எல்லோரும் ஒவ்வொன்று எடுத்தால், உனக்குப் பேத்தி பிறந்து அவள் வரும்போது இங்கே வெறும் மண்தான் இருக்கும்."

அவளுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரைந்தாள்.

அங்கிருந்து சாத்தனூர் போனோம். அங்கே கம்பி வேலிக்குள் ஒரு மரம் படுத்திருக்கிறது. 18 மீட்டர் நீளம். பட்டையும் கணுவும் தெரிகின்றன, தொட்டால் கல். சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன் கரையில் நின்ற மரம் கடலுக்கு அடித்து வரப்பட்டு, சேற்றில் புதைந்து, கனிமம் கரைந்த நீர் அதன் நுண்ணறை ஒவ்வொன்றிலும் புகுந்து, மரம் போகப் போகக் கல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் காலி செய்யச் செய்யக் குடிபுகுந்த புதியவர், சுவரில் ஓர் ஆணியைக்கூட மாற்றவில்லை!

அந்த மரத்தை 1940-ல் உலகத்துக்கு அறிவித்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். மகாராஜபுரம் என்றால் நமக்கெல்லாம் சங்கீதம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருள்ள தஞ்சை ஜில்லாக் கிராமத்தில் 1898-ல் பிறந்தவர் இவர். பூகர்ப்ப இலாகா ஏற்பட்டு நூறு வருஷம் ஆனபோது, 1951-ல், அதன் தலைமைப் பீடத்தில் அமர்ந்த முதல் இந்தியர். 1943-ல் வெளிவந்த அவருடைய இந்திய பூகர்ப்ப நூலைப் படிக்காமல் அந்தக் காலத்தில் இத்துறையில் தேறியவர்கள் கிடையாது. ஓடையில் கிடந்த கல்லை மரம் என்று அறிய ஒரு கண் வேண்டும்; அறிந்ததை எழுதி வைக்க ஒரு மனம் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.

அரியலூரை நெருங்கும்போது சிநேகிதர் ஒரு சோகக் கதை சொன்னார். கல்லமேடு என்ற இடத்தில் 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலநூலார் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! பிருஹத்காயோசாரஸ், அதாவது பெருத்த சரீரமுள்ள பல்லி என்று பெயரிட்டார்கள். பூமியில் நடந்த பிராணிகளிலேயே மிகப் பெரியது இதுதானோ என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஏற்கெனவே நொய்ந்து போயிருந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் ஊறிப் பொடிந்து போய்விட்டன. மிஞ்சியவை சில கோட்டுப் படங்களும் குறிப்புகளும். வெளிநாட்டு அறிஞர் சிலர், அது எலும்பே அல்ல, கல்மரமாயிருக்கும் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அப்புறம் 2022-ல், அன்றைக்கு எடுத்த பழைய புகைப்படங்கள் சில வெளியிடப்பட்டன. எலும்புதான் என்பதற்கு அவை வலுச் சேர்த்தன. பொருள் போன பிறகும் அதன் மானத்தைக் காப்பாற்றியது ஒரு காலத்தில் யாரோ எடுத்து வைத்த படம்.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்றும் உண்டு. 2020-ல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் குளத்து மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, ஊரே திரண்டுவிட்டது. நிபுணர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். ஜனங்களுக்கு ஏமாற்றம். எனக்கென்னவோ இதில் ஏமாற வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. ஏனென்றால் அரியலூர்ப் பூமியில் மேலே போகப் போக ஓரிடத்தில் அம்மோனைட்டுகள் அடியோடு நின்று போகின்றன. 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன், டைனோசர்கள் மறைந்த அதே காலத்தில், அவையும் மறைந்தன. அதற்கு மேலுள்ள நின்னியூர்ப் படுகையில் தேடினால் அவற்றின் தூரத்து உறவான நாட்டிலஸ் கிடைக்கும், அம்மோனைட் கிடைக்காது. ஒரு குலம் முழுவதும் பூண்டற்றுப் போன கதையின் கடைசிப் பக்கம் நம் ஊரில் இருக்கிறது.

இரவு வீடு வந்து சேர்ந்தோம். களைப்பில் நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். சிறுமி ஜன்னல் விளிம்பில் இருந்த தன் கற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது, யார் எடுத்தது. வாசல் ஜல்லிக் கல்லுக்குக்கூடச் சீட்டு உண்டு. பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"இதுக்கும் எழுதணும் தாத்தா. பெயர், அம்மோனைட். எடுத்தவர், கொள்ளுத் தாத்தா. இடம்?"

"தெரியாது என்று எழுது."

"ஒண்ணுமே தெரியாதா? அவர் எந்த ரோட்டில் வேலை பார்த்தார்?"

நான் யோசித்தேன். அப்பாவின் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கிய பையும், டிபன் பாத்திரமும், ராத்திரி சாப்பாட்டின்போது அவர் அம்மாவிடம் சொல்லும் ஊர்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கல் வந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம் அவர் பெரம்பலூரில் இருந்தார். அரியலூர் ரோடு, குன்னம் வழி. மழைக்கு முன்னால் கப்பி அளந்த சமயம். சொல்லிக்கொண்டே போனேன். அவள் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். சீட்டில் இடம் போதாமல் இன்னொரு சீட்டு ஒட்டினாள்.

"வார்னிஷ் அடிச்சது நீங்கதானே? அதையும் எழுதணுமா, தாத்தா?"

"எழுது" என்றேன்.